உங்கள் டெஸ்ட் எந்த டேட்டாபேஸில் ஓடுகிறது?

மும்பையில் ஜாவா தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ.யில் படித்தவருக்கு கேம்பஸிலேயே கம்பெனிகள் வந்து நிற்கின்றன. செம்பூர் விவேகானந்த் இன்ஜினீயரிங் காலேஜில் படித்தவருக்கு ரெஃபர் செய்ய சீனியர்கள் இருக்கிறார்கள். தாராவி 90 அடி ரோட்டிலிருந்து பி.எஸ்சி. ஐ.டி. முடித்துவிட்டு வாக்-இன் வரிசையில் நிற்பவருக்கு இரண்டும் கிடையாது. ஆனால் மூவரின் ரெஸ்யூமேயையும் மேஜையில் பரப்பினால் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஸ்பிரிங் பூட், ஹைபர்னேட், மைக்ரோசர்வீஸ், ஜேயூனிட். படித்துப் பார்ப்பவருக்குப் பத்து விநாடியில் அலுத்துவிடும்.

அந்தக் குவியலிலிருந்து மேலே வர நான் சிபாரிசு செய்யும் வழி, அதிகம் பேர் கவனிக்காதது. உங்கள் வெப் அப்ளிகேஷனின் இன்டகிரேஷன் டெஸ்ட்களை ஒன்றுக்கு மேற்பட்ட நிஜ டேட்டாபேஸ்களில் ஓட்டிக் காட்டுங்கள். போஸ்ட்கிரெஸில் பாஸ் ஆனது ஆரக்கிளில் ஏன் உடைந்தது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று இரண்டு நிமிடம் பேசத் தெரிந்துகொள்ளுங்கள். யூனிட் டெஸ்ட் எழுதுகிறேன் என்று எல்லோரும் சொல்வார்கள். இதைச் சொல்லக்கூடியவர்கள் குறைவு.

மும்பையில் இதற்கு விலை இருக்கக் காரணம், இது பணம் புழங்கும் ஊர். நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷனும் தேசியப் பங்குச் சந்தையும் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் (பி.கே.சி.) இருக்கின்றன. வங்கி சாஃப்ட்வேர் செய்யும் ஆரக்கிள் ஃபைனான்ஷியல் சர்வீசஸ் கோரேகாவில் இருக்கிறது. இந்த உலகத்துக்கு சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனி, எந்த டேட்டாபேஸ் என்பதைத் தானே தீர்மானிக்க முடியாது. ஒரு வங்கி ஆரக்கிளை விடாது. இன்னொன்று லைசென்ஸ் செலவைக் குறைக்க போஸ்ட்கிரெஸுக்கு மாறிக்கொண்டிருக்கும். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் உட்கார்ந்திருக்கும். கோடு ஒன்றுதான், ஓட வேண்டிய இடம் மூன்று.

சென்னையின் ஜோஹோவையே பாருங்கள். அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு விற்கும் சர்வீஸ்டெஸ்க் பிளஸ் ஒரு ஜாவா வெப் அப்ளிகேஷன். வாடிக்கையாளர் தன் சொந்த சர்வரில் நிறுவினால் கூடவே வரும் போஸ்ட்கிரெஸில் ஓட்டலாம், அல்லது தன்னிடம் இருக்கும் எஸ்.க்யூ.எல். சர்வரில் ஓட்டலாம். இப்படி ஒரு புராடக்ட்டை வெளியிடும் டீமில், ஒரு டேட்டாபேஸில் மட்டும் சோதித்துவிட்டு ரிலீஸ் கொடுப்பவருக்கு என்ன மரியாதை இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

1. எச்2-வை விட்டு வெளியே வாருங்கள். ஸ்பிரிங் பூட் பாடம் எடுப்பவர்கள் பலரும் எச்2-வில்தான் ஆரம்பிப்பார்கள். மெமரியிலேயே ஓடும், இன்ஸ்டால் செய்ய எதுவும் இல்லை, வேகம். கற்றுக்கொள்ள அது போதும். அதில் ஆரக்கிள் மோட், போஸ்ட்கிரெஸ் மோட் என்றெல்லாம் இருக்கிறது. அவை சில வழக்கங்களை மட்டும் பின்பற்றும், ஆரக்கிளாகவே மாறிவிடாது. எச்2-வில் எல்லாம் பச்சையாக இருந்தால் உங்கள் கோடு எச்2-வில் ஓடும் என்று தெரிகிறது. வங்கி எதுவும் எச்2-வில் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

2. முதல் டெஸ்டை ஒரு தமிழ்ப் பெயரோடு எழுதுங்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இன்டர்வியூவில் இதைவிட நன்றாக வேலை செய்யும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

வாடிக்கையாளர் பெயருக்கு 20 நீளத்தில் ஒரு காலம் (column) வைத்திருக்கிறீர்கள். அதில் 'முருகன்' என்று தமிழில் சேமியுங்கள். நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் துணைக்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் ஏழு குறியீடு. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக மொத்தம் 21 பைட்.

போஸ்ட்கிரெஸ் 20 என்பதை எழுத்துக் கணக்காக எடுத்துக்கொள்ளும். ஏழு குறியீடுதானே, உள்ளே போய்விடும். மைசீக்வெல்லும் அப்படித்தான். ஆரக்கிளில் வார்கேர்2 காலத்துக்கு 20 என்று மட்டும் எழுதினால், செட்டிங்கை யாரும் மாற்றாதவரை அது 20 பைட். 21 பைட் நுழையாது. ஓரா-12899 என்ற எரர் வரும். எஸ்.க்யூ.எல். சர்வரில் நிலைமை இன்னும் மோசம். என்-வார்கேருக்குப் பதிலாக வெறும் வார்கேர் வைத்து, கொலேஷனும் வழக்கமான லத்தீன் வகையாக இருந்தால், எரரே வராது. சேமித்தாயிற்று என்று சொல்லிவிட்டு உள்ளே வெறும் கேள்விக்குறிகளை வைத்திருக்கும். அதனால் சேமித்ததோடு டெஸ்டை முடிக்காதீர்கள். திரும்ப எடுத்து, போட்ட பெயரும் வந்த பெயரும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

மராத்திப் பெயர்களுக்கும் இதே கதைதான், தேவநாகரி குறியீடும் 3 பைட். மகாராஷ்டிராவில் மராத்திப் பெயரை ஏற்காத அப்ளிகேஷனை யார் வாங்குவார்கள்? சரி செய்வது ஒரு வரி வேலை: ஆரக்கிளில் நீளத்தோடு 'கேர்' என்று சேர்த்து எழுதுவது, எஸ்.க்யூ.எல். சர்வரில் என்-வார்கேருக்கு மாறுவது. ஆனால் அந்த ஒரு வரியை டெவலப்மென்டில் மாற்றுவதும், கோடிக்கணக்கான ரெக்கார்டு ஏறிய பிறகு லைவ் டேபிளில் மாற்றுவதும் ஒன்றல்ல. இதை இன்டர்வியூவில் சொல்லுங்கள், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

3. இன்னும் மூன்று வித்தியாசங்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். ஆரக்கிள் காலி ஸ்ட்ரிங்கை 'நல்' என்றே எடுத்துக்கொள்ளும். முகவரியின் இரண்டாவது வரியை யூசர் காலியாக விட, அந்தக் காலம் 'நாட் நல்' என்று இருந்தால், போஸ்ட்கிரெஸில் சேரும் ரெக்கார்டு ஆரக்கிளில் விழும். அடுத்தது வரிசைப்படுத்துதல். ஏறுவரிசையில் கேட்டால் ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் 'நல்'லைக் கடைசியில் தரும், மைசீக்வெல்லும் எஸ்.க்யூ.எல். சர்வரும் முதலில் தரும். முதல் பக்கத்தில் பத்து ரெக்கார்டு காட்டும் ஸ்கிரீனில் இது நேராகக் கண்ணில் படும்.

மூன்றாவதுதான் பெரியது. 'இன்சர்ட் செய், ஏற்கெனவே இருந்தால் எக்ஸெப்ஷனைப் பிடித்து அப்டேட் செய்' என்று எழுதும் பழக்கம் பழைய ஆரக்கிள் கோடில் நிறைய உண்டு. ஆரக்கிளில் அந்த ஒரு ஸ்டேட்மென்ட் மட்டும் தோற்கும், டிரான்சாக்‌ஷன் தொடரும். போஸ்ட்கிரெஸில் ஒரு ஸ்டேட்மென்ட் தோற்றால் அந்த டிரான்சாக்‌ஷன் முழுவதும் செத்தது. ரோல்பேக் செய்யும்வரை அடுத்த எந்தக் கட்டளையையும் ஏற்காது. 25பி02 என்ற எரர் கோடைத் திருப்பித் திருப்பித் தரும். ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறும் புராஜெக்டில் நுழைய ஆசைப்படுகிறவர் இதை ஒருமுறையாவது தன் கையால் உடைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

4. கருவி: டெஸ்ட்கன்டெய்னர்ஸ். 2015-இல் ரிச்சர்ட் நார்த் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. டெஸ்ட் தொடங்கும்போது டாக்கரில் நிஜ டேட்டாபேஸை எழுப்பும், முடிந்ததும் துடைத்துவிடும். இதை வளர்த்த ஆட்டமிக்ஜார் கம்பெனியை 2023 டிசம்பரில் டாக்கரே வாங்கிக்கொண்டது. ஸ்பிரிங் பூட் 3.1 முதல் சர்வீஸ்கனெக்‌ஷன் என்ற ஓர் அனொடேஷன் போட்டாலே யூஆர்எல், யூசர், பாஸ்வேர்டு எல்லாம் தானாக இணைந்துவிடும்.

கட்டமைப்பு இப்படி இருக்கட்டும். டெஸ்ட் மெத்தட்கள் எல்லாம் ஒரு அப்ஸ்டிராக்ட் கிளாஸில். ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் அதை எக்ஸ்டெண்ட் செய்யும் ஒரு சின்ன கிளாஸ்; எந்தக் கன்டெய்னர் என்பதை மட்டும் அது சொல்லும். கிளாஸ் பெயர் ஆங்கிலத்தில் 'ஐடி' என்று முடியட்டும், மேவனின் ஃபெயில்சேஃப் பிளகின் அதை அடையாளம் கண்டுகொள்ளும். யூனிட் டெஸ்ட்களை ஷ்யூர்ஃபயர் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கலந்தால் பில்ட் மெதுவாகும், டீமில் நாலு பேர் டெஸ்டை ஸ்கிப் செய்யப் பழகுவார்கள், பழி உங்கள் மேல் வரும்.

டேபிள்களை ஹைபர்னேட் தானாக உருவாக்க விடாதீர்கள். ஃப்ளைவே அல்லது லிக்விபேஸ் ஸ்கிரிப்டை வைத்து உருவாக்குங்கள், ஏனென்றால் லைவில் ஓடப்போவது அந்த ஸ்கிரிப்ட். ஃப்ளைவேயில் டேட்டாபேஸுக்கு ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்ளலாம். மைசீக்வெல்லிலும் ஆரக்கிளிலும் கிரியேட் டேபிள், ஆல்டர் டேபிள் எல்லாம் அங்கங்கே கமிட் ஆகிவிடும்; ஸ்கிரிப்ட் பாதியில் உடைந்தால் பாதி மாற்றம் அப்படியே நிற்கும். போஸ்ட்கிரெஸில் முழுவதையும் ரோல்பேக் செய்யலாம். மைக்ரேஷன் ஸ்கிரிப்டையும் டெஸ்டின் பகுதியாக நினைப்பவரை ஆர்க்கிடெக்ட்டுகள் சீக்கிரம் கவனிப்பார்கள்.

5. லேப்டாப் சின்னது என்று சாக்கு வேண்டாம். 8 ஜிபி ராமில் இது முடியும். ஒரு நேரத்தில் ஒரு டேட்டாபேஸ் மட்டும் எழுப்புங்கள். போஸ்ட்கிரெஸ் லேசானது, அதில் தொடங்குங்கள். எஸ்.க்யூ.எல். சர்வர் கன்டெய்னர் குறைந்தது 2 ஜிபி மெமரி கேட்கும். ஆரக்கிளின் இலவசப் பதிப்பு 2 ஜிபி ராம், 12 ஜிபி டேட்டா என்ற வரம்புக்குள் ஓடுகிறது. டெஸ்டுக்கு அது தாராளம். அதன் இமேஜ்களில் 'ஸ்லிம்', 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' என்ற வகைகள் கிடைக்கும், அவற்றையே எடுங்கள். டவுன்லோடு பெரியது, மொபைல் டேட்டாவில் இறக்கிக் கஷ்டப்படாமல் வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸுக்கும் புதுக் கன்டெய்னர் எழுப்பாமல், ஒரே கன்டெய்னரை எல்லாக் கிளாஸ்களும் பகிர்ந்துகொள்ளும்படி ஸ்டாட்டிக்காக வையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இதிலேயே மிச்சமாகும்.

6. இந்தியாவில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள், நேரத்தைச் சோதியுங்கள். கன்டெய்னர் பொதுவாக யூடிசியில் ஓடும். உங்கள் லேப்டாப் ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கும். நள்ளிரவு 12 மணிக்கும் காலை 5.30-க்கும் இடையில் நடந்த பரிவர்த்தனை முந்தைய தேதியில் விழுந்தால் வங்கியின் டே-எண்ட் கணக்கு இடிக்கும். இரவு 1 மணி என்று நேரம் வைத்து ஒரு டெஸ்ட் கட்டாயம் எழுதுங்கள். ஆரக்கிளின் 'டேட்' டைப்புக்குள் மணி, நிமிடமும் சேர்ந்தே இருக்கும், போஸ்ட்கிரெஸின் 'டேட்'டில் தேதி மட்டும்தான் என்பதும் இந்த இடத்தில் வந்து கடிக்கும்.

கூடவே நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு தொல்லை. விண்டோஸில் ஜாவா, இந்திய நேரத்தை 'ஏஷியா/கல்கத்தா' என்ற பழைய பெயரில் எடுத்துக்கொள்கிறது. ஜேடிபிசி டிரைவர் அந்தப் பெயரை அப்படியே போஸ்ட்கிரெஸுக்கு அனுப்பும். புதிய போஸ்ட்கிரெஸ் இமேஜ்கள் சிலவற்றில் பழைய பெயர்கள் நீக்கப்பட்டிருப்பதால், டைம்ஸோன் செல்லாது என்று கனெக்‌ஷனையே மறுத்துவிடும். ஜேவிஎம்முக்கு 'ஏஷியா/கொல்கத்தா' என்று டைம்ஸோனைக் கொடுத்தால் தீர்ந்தது. இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' டேக் போடாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். நேற்று ஓடிய டெஸ்ட் இன்று ஓடாது, காரணம் தேடி அரை நாள் போகும். வாடிக்கையாளர் லைவில் எந்த வெர்ஷனோ அதே நம்பரைப் போடுங்கள்.

7. ஒரே அப்ளிகேஷன் இரண்டு டேட்டாபேஸோடு பேசினால் ஆட்டமே வேறு. கணக்கு ஒரு டேட்டாபேஸில், ஆடிட் அல்லது நோட்டிஃபிகேஷன் இன்னொன்றில் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கில் இரண்டு டேட்டாசோர்ஸ், இரண்டு டிரான்சாக்‌ஷன் மேனேஜர். வெறும் டிரான்சாக்‌ஷனல் அனொடேஷன் போட்டால் பிரைமரி எதுவோ அதை மட்டுமே அது பிடித்துக்கொள்ளும். இரண்டாவதில் ஜேடிபிசி டெம்பிளேட் வழியாக எழுதியது அப்போதே கமிட் ஆகிவிடும். பிறகு எக்ஸெப்ஷன் வந்தால் பணம் நகரவில்லை, ஆனால் 'பணம் அனுப்பப்பட்டது' என்ற பதிவு மட்டும் உட்கார்ந்திருக்கும்.

இதைப் பிடிக்க இரண்டு கன்டெய்னரை எழுப்பி, நடுவில் வேண்டுமென்றே எக்ஸெப்ஷன் வீசி, பிறகு இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள். அந்த டெஸ்ட் மெத்தட்டின் மேல் டிரான்சாக்‌ஷனல் போடாதீர்கள். போட்டால் ஸ்பிரிங்கின் ரோல்பேக் டெஸ்ட் முடிந்த பிறகுதான் நடக்கும்; அதற்குள் நீங்கள் எண்ணினால் பிரச்சினை மறைந்துவிடும். நிஜ போர்ட்டில் சர்வரை எழுப்பி ஹெச்டிடிபி வழியாகச் சோதிக்கும்போது அந்த ரோல்பேக்கும் உதவாது, சர்வர் வேறு திரெட்டில் ஓடுகிறது. டேபிள்களை நீங்களே காலி செய்து தொடங்குங்கள்.

எக்ஸ்ஏ என்ற இரண்டு கட்ட கமிட் ஒரு தீர்வு. கனமானது, பலர் தவிர்க்கிறார்கள். செய்தியை முதல் டேட்டாபேஸிலேயே ஓர் அவுட்பாக்ஸ் டேபிளில் எழுதிவிட்டுப் பிறகு அடுத்ததற்கு அனுப்புவது இன்னொரு தீர்வு. புதிதாகத் தொடங்கும் புராஜெக்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இன்டர்வியூவில் இரண்டையும் சொல்லி, எது ஏன் என்று ஒரு பக்கம் நில்லுங்கள். 'டிபெண்ட்ஸ்' என்று இழுப்பவருக்கு மார்க் கிடையாது.

8. சிஐ-யில் டேட்டாபேஸுக்கு ஒரு ஜாப் என்று பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் மேட்ரிக்ஸ் என்ற வசதி இதற்குத்தான். அதிகப் பணம் தரும் வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் எதுவோ, அதில் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் ஓடட்டும். மற்றவை இரவில் ஓடினால் போதும். காலை ஸ்டாண்ட்-அப்புக்கு முன் அந்த ரிப்போர்ட்டைத் திறந்து பார்ப்பவர் நீங்களாக இருங்கள். எது உடைந்தது என்று டீம் லீட் கேட்பதற்கு முன்னாலேயே சொல்பவரின் பெயர் அவர் மனதில் நிற்கும்.

ஆபீஸ் என்று வந்தால் கூடுதலாகச் சில கணக்குகள் இருக்கின்றன. வங்கி கொடுக்கும் லேப்டாப்பில் டாக்கர் போட அனுமதி கிடைக்காமல் போகலாம். பெரிய கம்பெனிகளுக்கு டாக்கர் டெஸ்க்டாப் கட்டணச் சந்தா. பாட்மேன் இலவசம், அதைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பொது டெஸ்ட் சர்வரில் உங்களுக்கென்று ஒரு தனி ஸ்கீமா வாங்குங்கள். இன்னொருவர் ஸ்கீமாவில் டேட்டாவை அழித்தால் அந்த டீமில் உங்கள் பெயர் கெட்டது. இதற்கெல்லாம் டேட்டாபேஸை நிர்வகிக்கும் டிபிஏவின் தயவு வேண்டும். அவரிடம் போகும்போது கேள்விகளைத் தயாராக எடுத்துப் போங்கள்: லைவில் என்ன வெர்ஷன், கேரக்டர் செட், கொலேஷன், டைம்ஸோன், ஐசொலேஷன் லெவல்? இந்த ஐந்தையும் கேட்கும் ஜூனியரை டிபிஏ மதிப்பார். அடுத்த முறை உங்கள் டிக்கெட் முதலில் நகரும்.

லைவ் டேட்டாவை மட்டும் தொடாதீர்கள். 'நிஜ டேட்டா இருந்தால் டெஸ்ட் நன்றாக இருக்குமே' என்று யாராவது டம்ப் எடுத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறிவிட்டது. வாடிக்கையாளரின் ஆதார், பான், மொபைல் எண் உங்கள் லேப்டாப்பில் இருந்தால் வேலையே போகும். பொய்ப் பெயர்களை நீங்களே உருவாக்குங்கள். அதில் தமிழும் மராத்தியும் உருதுவும் இருக்கட்டும்.

எந்தப் பிழையை எந்த டேட்டாபேஸில் எப்போது பிடித்தீர்கள் என்று ஒரு ஷீட்டில் குறித்து வாருங்கள். யுஏடியில் வங்கிக்காரர் கண்டுபிடித்திருந்தால் மீட்டிங் வரை போயிருக்கும் பிழையை நீங்கள் முன்கூட்டியே பிடித்தீர்கள் என்பது அப்ரைசல் நாளில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஷீட்டில் இருந்தால் மறுக்க முடியாது. இன்னொன்று: டெஸ்டில் கெட்டிக்காரர் என்று தெரிந்ததும் உங்களை முழுநேர டெஸ்டராக நகர்த்தப் பார்ப்பார்கள். அதில் விருப்பம் இருந்தால் போங்கள். இல்லையென்றால், டெஸ்ட் கண்டுபிடித்த பிழையின் ஃபிக்ஸையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கமிட் வரலாற்றில் உங்கள் பெயர் கோடின் பக்கத்திலும் இருக்கட்டும்.

வேலை தேடுகிறவருக்கு நான்கு வாரத் திட்டம். முதல் வாரம் போஸ்ட்கிரெஸில் ஒரு சின்ன பேமென்ட் அப்ளிகேஷன், பத்து இன்டகிரேஷன் டெஸ்ட். இரண்டாம் வாரம் அதே டெஸ்ட்களை ஆரக்கிளில் ஓட்டி, உடைந்ததைச் சரி செய்வது. மூன்றாம் வாரம் இரண்டு டேட்டாசோர்ஸ் டெஸ்ட், சிஐ. நான்காம் வாரம் ரீட்மீ எழுதுவது, வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவது. டெஸ்ட் உடைந்த கமிட்டையும் சரி செய்த கமிட்டையும் தனித்தனியாக வைத்திருங்கள். இன்டர்வியூவில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்ட அதுதான் ஆதாரம். ரெஸ்யூமேயில் முதல் வரியாக இதைப் போடுங்கள், பத்து ஃபிரேம்வொர்க் பெயர்களைக் கீழே தள்ளுங்கள்.

தாராவியிலிருந்து பி.கே.சி.க்கும் சீப்ஸ் தொழில் வளாகத்துக்கும் 2025-இல் நேரடி மெட்ரோ வந்துவிட்டது. செம்பூரிலிருந்து நவி மும்பை பக்கத்து ஐ.டி. பார்க்குகளுக்கு ஹார்பர் லைன் இருக்கிறது. போய்வர வழி இருக்கிறது, ஆபீஸில் சீட்டும் இருக்கிறது. ஐந்தாவது வாரம் அப்ளை செய்யத் தொடங்குங்கள். எல்லா டேட்டாபேஸையும் கரைத்துக் குடித்த பிறகு போகலாம் என்று உட்கார்ந்திருந்தால், அந்த சீட்டுக்கு அதற்குள் வேறொருவர் ஆஃபர் லெட்டர் வாங்கியிருப்பார்.